பூசணிக்கொடி குடித்த தண்ணீர்

பிப்ரவரி 3, திங்கள்

மூன்றாவது பீரியடில் புஷ்பம் எங்கள் வகுப்புக்கு வந்தாள். மேஜையில் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து அதில் கரண்டி கரண்டியாகச் சர்க்கரை போட்டாள். பக்கத்தில், நான் தினமும் குடிக்கிற மாம்பழ ஜூஸ் டப்பா. அதற்குள் இவ்வளவு சர்க்கரை இருக்கிறதாம். பின்பெஞ்சுப் பையன்கள் ஒவ்வொரு கரண்டிக்கும் 'ஓ' போட்டார்கள். அவள் அசரவில்லை. "பொறுங்க, இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் போட்டாள்.

அவள் முழுப்பெயர் தங்கபுஷ்பம். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெயரோடு தலைநிமிர்ந்து நடக்கவே தனித் தைரியம் வேண்டும். நான் பி.காம் கடைசி வருஷம், அவள் ஊட்டச்சத்துத் துறையில் கடைசி வருஷம். மூன்று வருஷமாக ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் வந்து போகிறோம். அவர்கள் துறையில் ஆளுக்கு ஒரு வகுப்பைப் பிடித்து ஏதாவது ஒரு பழக்கத்தை மாற்றிக் காட்ட வேண்டும். மார்ச் 20 அன்று வெளியிலிருந்து வருகிறவர்கள் முன்னால் அதைச் சொல்ல வேண்டும். முதலிடம் வாங்குகிறவருக்கு மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் உணவுப் பிரிவில் ஒரு வருஷம் பயிற்சி. ஒரே ஒரு இடம்தான். புஷ்பத்துக்கு அது வேண்டும். கிடைக்காவிட்டால் அவள் அப்பாவின் கலர் சோடா கம்பெனியில் பாட்டில் கழுவுகிற இடத்தில் மேஸ்திரியாக உட்கார வேண்டியதுதான். அவளே அப்படித்தான் சொல்கிறாள்.

"வீட்ல கலர் போட்டு விக்கிறவ, இங்க வந்து கலர் குடிக்காதேங்கியே. உங்கப்பா பொழப்பு என்ன ஆகும்?" என்று மத்தியானம் கேட்டேன்.

"எங்கப்பா இதுவரைக்கும் எங்கள ஒரு பாட்டில் தொட விட்டதில்லட்டி வல்லி. அவருக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரிய வேண்டாமா?" என்றாள்.

இவளிடம் வாயைக் கொடுத்தால் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

நாளையிலிருந்து கலர், ஜூஸ் கிடையாது. தண்ணீர்தான். அதற்கு மணி அடிக்கப் போகிறாளாம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஐஸ் வண்டி மணி! அவள் அப்பா ஒரு காலத்தில் ஐஸ் வண்டியும் ஓட்டினார். அந்த மணியை எடுத்துவந்து பதினோரு மணிக்கு எங்கள் வராந்தாவில் ஆட்டினாள். எக்கனாமிக்ஸ் சார் ஐஸ்காரன் மாடிக்கு எப்படி வந்தான் என்று எட்டிப் பார்த்தார்.

சட்டம் இதுதான். காலையிலும் மூன்று மணிக்கும் மணி அடித்ததும் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்க வேண்டும். மணி அடித்துவிட்டு அவள் லேபுக்கு ஓடிவிடுவாள். இடைவேளை முடிகிற நேரத்தில் திரும்பி வரும்போது எல்லாரும் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும்.

பெண்கள் பக்கம் ஜன்னல் ஓரம் என் இடம். என் பாட்டில்தான் முதலில் காலியானது.

பிப்ரவரி 7, வெள்ளி

மணி அடித்தது. காலி. கவிழ்த்துக் காட்டினோம். புஷ்பத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கல்யாண வீட்டில் பந்தி நிறைந்ததைப் பார்க்கிற பெண்வீட்டார் முகம்.

பிப்ரவரி 12, புதன்

இன்று எழுத ஒன்றும் இல்லை, அதனால் வழக்கத்தை எழுதுகிறேன். காலையில் அம்மா தருகிற காபியில் பாதியை அடுப்படியிலேயே வைத்துவிடுவேன். ஆறரைக்குப் பஸ். வீடு திரும்ப ஆறு மணி ஆகிவிடும். வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் கொல்லைப்பக்கம் ஓடுவேன். அம்மா தினமும் சிரிப்பாள்.

எங்கள் பிளாக்கில் பெண்களுக்குப் புதுக் கழிப்பறை கட்டியிருக்கிறார்கள். வெள்ளை டைல்ஸ், கண்ணாடி, கை கழுவ ஸ்டாண்டு எல்லாம் உண்டு. ஆய்வுக் குழு பார்க்க வருவதற்காகக் கட்டியது. குழு வந்து, பார்த்து, பாராட்டிவிட்டுப் போனது. அடுத்த குழு வரும்வரை அழுக்காகக் கூடாது என்று பூட்டிவிட்டார்கள். சாவி ஆபீஸில் சூப்பிரண்டு சார் மேஜையில் இருக்கிறது. வேண்டுமென்றால் போய்க் கேட்கலாம். முதல் வருஷத்தில் எங்கள் வகுப்பு முபீனா போய்க் கேட்டாள். சூப்பிரண்டு சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எதுக்கு?" என்றாராம். பிறகு, "ஒம்பது மணிக்குத்தான வந்தே, அதுக்குள்ளயா?" என்றாராம். ஃபீஸ் கட்ட நின்ற பையன்கள் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று மைதானத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குத் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை. போனால் மூன்று பேராகப் போக வேண்டும். ஒருத்தி கதவைப் பிடிக்க, ஒருத்தி பாதையைப் பார்க்க. பையன்களுக்கு என்ன, காம்பவுண்டுச் சுவர் நீளமாகக் கிடக்கிறது.

மாம்பழ ஜூஸ் நல்ல பொருள். இரண்டு மிடறு போதும், தலை சுற்றாது. அதற்கு மேல் உடம்பு ஒன்றும் கேட்காது. ஆனால் புஷ்பம் அதை நிறுத்தச் சொல்லிவிட்டாள், நிறுத்திவிட்டேன். மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் கண்ணைக் கட்டுகிறது.

பிப்ரவரி 19, புதன்

எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு பூசணிக்கொடி முளைத்திருக்கிறது. யாரோ டிபன் பாக்ஸ் கழுவி ஊற்றியதில் விதை விழுந்திருக்க வேண்டும். சுற்றிலும் கரிசல் மண் வெடித்துக் கிடக்கிறது. கொடி மட்டும் பச்சைப்பசேல் என்று சுவரைப் பிடித்து ஓடுகிறது. முபீனா எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம பிள்ளைய நல்லாத்தான் வளக்கோம்" என்றாள். பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. பையன்களுக்கு விளங்கவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

இவளைப் பற்றிக் கொஞ்சம் நல்லதாக எழுத வேண்டும், எப்போதும் கேலியே எழுதுகிறேன்.

இன்று வகுப்புக்கே நீர்மோர் கொண்டுவந்தாள். ஒரு பெரிய கேனில். விடிவதற்கு முன் எழுந்து கடைந்து, இஞ்சி தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் லக்கேஜ் போடுவேன் என்றார். ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினாள். பேச்சு முடிந்தது. பஸ் இறங்கி மாடி ஏறும்வரை என்னைத் தொடவிடவில்லை. "நீ சிந்திருவே" என்றாள்.

யாரையும் திட்டுவதில்லை. எங்கள் வகுப்புச் சோமு தினமும் கலர் குடிக்கிறவன். அவனிடம் போய், "இன்னைக்கு ஒண்ணு மட்டும் குறைச்சுப் பாரேன், எனக்காக வேண்டாம், உன் பல்லுக்காக" என்றாள். அவன் குறைத்துவிட்டான். கேன்டீனில் கலர் விற்பனை பாதிக்குக் கீழே போய்விட்டது என்று கேன்டீன்காரர் புலம்புகிறார். அவர்கள் துறைத் தலைவர் ஹெலன் மேடம், "உன் கிளாஸ்தான் முன்னால நிக்குது" என்று சொன்னாராம். பஸ்ஸில் அதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கல்லாம் இப்படிக் கேப்பீங்கன்னு நான் நெனைக்கவே இல்லட்டி."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மோரில் பாதி குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. பூசணிக்கொடிக்கும் மோர் ஒத்துக்கொள்கிறது போல.

மார்ச் 1, சனி

அடிவயிற்றில் வலி. நேற்றைய புளியோதரையாக இருக்கும்.

மார்ச் 2, ஞாயிறு

புளியோதரை இல்லை. குளிரும் காய்ச்சலும். அம்மா டாக்டரிடம் கூட்டிப் போனாள். "தண்ணி நல்லா குடிக்கியாம்மா?" என்று கேட்டார். "குடிக்கேன் சார். எங்க காலேஜ்ல மணியே அடிக்காங்க" என்றேன். அம்மா பெருமையாகத் தலையாட்டினாள். டாக்டர் ஒரு பெயர் சொன்னார். எழுதத் தேவையில்லை. மாத்திரை தந்திருக்கிறார்.

மார்ச் 6, வியாழன்

மூன்று நாள் லீவுக்குப் பிறகு போனேன். முபீனாவும் லீவாம். இதே வலியாம். புஷ்பம் எனக்கென்று தனியாகச் சீரகத் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். மணி அடித்தது. கொடி பூ விட்டிருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

பதினோரு மணிக்கு மணி அடித்தாள். வழக்கம்போல லேபுக்குத்தான் ஓடுகிறாள் என்று நினைத்தேன். நான் பாட்டிலைத் திறந்து, ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டிக் கவிழ்த்தேன். கீழேயிருந்து "ஆ" என்று ஒரு சத்தம் வந்தது.

எட்டிப் பார்த்தால் புஷ்பம் நிற்கிறாள். பூசணிப்பூ பஜ்ஜிக்கு நன்றாக இருக்குமே என்று பறிக்கப் போயிருக்கிறாள். தலை, துப்பட்டா எல்லாம் சொட்டுகிறது. கையில் இரண்டு மஞ்சள் பூ. அவள் மேலே பார்த்தபோது என் பக்கத்து ஜன்னலிலும் இரண்டு பாட்டில்கள் கவிழ்ந்திருந்தன. அவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். நான் அப்படியே நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கொடியைப் பார்த்தாள், அது ஓடியிருந்த நீளத்தைப் பார்த்தாள்.

மாடிக்கு வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தாள். தலையைத் துவட்டக்கூட இல்லை.

"எப்பருந்துட்டி?"

"மொத நாள்ல இருந்து."

"எல்லாருமா?"

"பொம்பளப் பிள்ளைங்க எல்லாரும்."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஏன்? நான் சொன்னது பிடிக்கலையா?" என்று கேட்டாள், அவ்வளவு மெதுவாக.

"வா" என்று கூட்டிக்கொண்டு போனேன். முதலில் பூட்டிய வெள்ளை டைல்ஸ் கதவு. பிறகு மைதானத்துக்குப் பின்னால். வழியில்தான் எனக்கே உறைத்தது, இவளுக்கு இது தெரியாது. அவர்கள் லேபுக்குள்ளேயே தனியாக ஒன்று இருக்கிறது. மூன்று வருஷமாக ஒரே பஸ்ஸில் வந்தும் நான் சொன்னதில்லை. இதையெல்லாம் யார் யாரிடம் சொல்கிறார்கள்?

அந்தக் கதவுக்கு முன்னால் நின்றாள். வாடை அங்கேயே அடித்தது. மூக்கைப் பொத்தவில்லை. "கதவப் பிடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் முதுகைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்து என் பக்கம் திரும்பினாள்.

"அந்த டாக்டர் என்னட்டி சொன்னாரு?"

"சிறுநீர்த் தொற்றுன்னாரு."

"முபீனாவுக்கும் அதான?"

"ஆமா."

"நான் உங்களுக்குச் சர்க்கரைய அள்ளிக் காட்டிட்டு இருந்திருக்கேன்" என்றாள். கண் நிறைந்துவிட்டது. ஈரத் துப்பட்டாவால் துடைத்தாள், அதில் என்ன துடைபடும்?

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை. அந்த இடம் அப்படி.

மார்ச் 12, புதன்

பதினோரு மணிக்கு மணி அடிக்கவில்லை. அவள் ஆபீஸுக்குப் போனாள், நானும் பின்னால் போனேன். உள்ளே நல்ல கூட்டம். சூப்பிரண்டு சார் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், பி.காம் பிளாக் லேடீஸ் டாய்லெட் சாவி வேணும்."

"எதுக்கு?"

"மூத்திரம் போக சார்."

டைப் அடித்துக்கொண்டிருந்த அக்கா கையை எடுத்துவிட்டார். சூப்பிரண்டு சாருக்குக் காது சிவந்துவிட்டது. அவர் எத்தனை பிள்ளைகளிடம் அந்த 'எதுக்கு' கேட்டிருப்பாரோ, பதில் வந்தது இதுதான் முதல்முறை. சாவியை எடுத்துக் கொடுத்தார். அவள் ரேஷன் கடையில் அரிசி கேட்ட மாதிரி நின்றாள்.

நாங்கள் வரிசையாகப் போய்வந்தோம். உள்ளே குழாயில் தண்ணீர் அப்படி வருகிறது! முபீனா கண்ணாடி முன்னால் நின்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தாள், வரவே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

நேற்றும் கேட்டாள், அதே பதிலைச் சொன்னாள், வாங்கினாள். இன்று சாவி பிரின்சிபால் அறைக்குப் போய்விட்டதாம். பிரின்சிபால் சென்னைக்குப் போயிருக்கிறாராம்.

மார்ச் 19, புதன்

நாளைக்கு அவள் பேச வேண்டும். பஸ்ஸில் நான்தான் ஆரம்பித்தேன்.

"புஷ்பம், கலர் விக்கது கொறைஞ்சது உண்மைதான. பாட்டில் காலியானதும் உண்மைதான. அத மட்டும் சொல்லு. மத்தத நீ ஏன் சொல்லணும்? கேட்டா நாங்க குடிச்சோம்னு சொல்லுதோம். எல்லாரும் பேசி வச்சுட்டோம்."

"நீங்க குடிக்கலையேட்டி."

"அந்த எடம் உனக்குத்தான் வரும்னு மேடமே சொல்லிட்டாங்கள்லா. ஒரே ஒரு நாள் வாய மூடிட்டு இரு. மதுரைக்குப் போ. அப்புறம் நாங்க பாத்துக்கிடுதோம்."

"என்னத்தப் பாத்துக்கிடுவே? மூணு வருஷமாப் பாத்த மாதிரியா?"

சுருக்கென்றது. அவளுக்கும் சொன்ன பிறகு வருத்தம் போல, பையிலிருந்து கடலைமிட்டாயை எடுத்துப் பாதி ஒடித்துத் தந்தாள். நாளைக்கு என்ன செய்யப் போகிறாள் என்று மட்டும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருந்துவிட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். சொல்லிவிட வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறேன். எதையாவது ஒன்றைச் சாமி எடுத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 20, வியாழன்

செமினார் ஹால் நிரம்பி வழிந்தது. மேடையில் பிரின்சிபால், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர், மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மா. அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு என்ன சாப்பாடு என்று முடிவு செய்கிறவர் இவர்தானாம். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, நரைத்த தலை. சூப்பிரண்டு சார் பின்னால் கதவோரம் நின்றார்.

முதலில் ஒரு பையன் கம்பு பிஸ்கட்டைப் பற்றிப் பேசினான். எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தான். நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு புஷ்பம். பெரிய பெரிய அட்டைகளோடு வருவாள் என்று பார்த்தால், கையில் ஒரு மஞ்சப்பை மட்டும். அதிலிருந்து ஒரு பூசணிப்பிஞ்சை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இதுதான் என் ரிசல்ட்" என்றாள். "பி.காம் பிள்ளைங்க கலர விட்டுட்டுத் தண்ணி குடிக்கணும்னு மணி அடிச்சேன். கலர விட்டாங்க. ஆனா நான் குடிக்கச் சொன்ன தண்ணிய இந்தக் கொடிதான் குடிச்சுது. பையன்கள் குடிச்சாங்க. பொண்ணுங்க ஜன்னல் வழியா ஊத்துனாங்க. நான் தோத்துட்டேன்."

ஹாலில் சிரிப்பு கிளம்பியது. அவள் அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"ஏன் ஊத்துனாங்கன்னு நான் கேக்கவே இல்ல. எதுல எவ்வளவு சர்க்கரைன்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். குடிச்சா எங்க போறதுன்னு எனக்குத் தெரியல. அவங்க பிளாக்ல நல்ல டாய்லெட் இருக்கு. அழுக்காகக் கூடாதுன்னு பூட்டியிருக்கு. அதனால காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் யாரும் தண்ணி குடிக்கிறதில்ல. ரெண்டு மிடறு ஜூஸ வச்சுத்தான் ஓட்டிட்டு இருந்தாங்க. அதையும் நான் நிறுத்திட்டேன். ரெண்டு பேரு காய்ச்சல்ல படுத்தாங்க. அது என்னால."

என் பெயரைச் சொல்லவில்லை. முபீனா பெயரையும் சொல்லவில்லை. இவளைப் போல இன்னொருத்தியை நான் பார்க்கப் போவதில்லை என்று அந்த இடத்தில் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிரின்சிபால் மைக்கை இழுத்து, "இது நிர்வாக விஷயம், சப்ஜெக்டுக்குள்ள வந்து பேசும்மா" என்றார். பல்கலைக்கழகப் பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். மதுரை அம்மா மட்டும் பூசணிப்பிஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். மூடி திறக்கவே இல்லை.

"நானும் காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பினேன்" என்றார். "வழில எங்க நிப்பாட்டுறதுன்னு இன்னும் ஒரு சொட்டுக் குடிக்கல. முப்பது வருஷமா இப்படித்தான் வெளியூர் போறேன். போற எடத்துல எல்லாம் தண்ணி குடிங்கன்னு பேசிட்டு வர்றேன்." பிரின்சிபால் பக்கம் திரும்பினார். "சாவி யார்ட்ட இருக்கு சார்?"

பிரின்சிபால் சூப்பிரண்டைப் பார்த்தார். சூப்பிரண்டு ஓடினார். அவர் ஓடி நாங்கள் பார்த்ததே இல்லை. அந்த அம்மா மேடையிலிருந்து இறங்கி நடந்தார், எங்கள் வகுப்புப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்னால் போனோம். அடுத்த வகுப்பும் எழுந்தது. வராந்தா முழுக்க வரிசை.

மார்ச் 21, வெள்ளி

இடம் கம்பு பிஸ்கட்டுக்குப் போய்விட்டது. விதிப்படி, பழக்கத்தை மாற்றிக் காட்டியவர்களுக்குத்தான். மதுரை அம்மா அவளுக்காகப் பேசிப் பார்த்தாராம், ஹெலன் மேடம் சொன்னார். நடக்கவில்லை.

பஸ்ஸில் புஷ்பம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. என்ன சொல்லித் தேற்றுவது? "பாட்டில் கழுவ நானும் வாரேன்" என்றேன். "உனக்குச் சம்பளம் கெடையாது" என்றாள், அழுதுகொண்டே.

மார்ச் 24, திங்கள்

பூட்டைக் கழற்றிவிட்டார்கள். சூப்பிரண்டு சாரே நின்று கழற்றினார். மைதானத்துப் பக்கம் கொத்தனார் வந்திருக்கிறார்.

மார்ச் 28, வெள்ளி

புஷ்பத்துக்கு இனி மணி அடிக்க வேண்டிய வேலை எதுவும் இல்லை. மதிப்பெண் போட்டு முடித்துவிட்டார்கள். ஆனாலும் பதினோரு மணிக்கு ஐஸ் வண்டி மணி கேட்டது.

பாட்டிலைத் திறந்து குடித்தேன். ஒரு பாட்டில் தண்ணீர் எவ்வளவு என்பது குடித்துப் பார்த்தால்தான் தெரிகிறது. நடுவில் மூச்சு வாங்கியது. முபீனா முதலில் முடித்துவிட்டு மேஜையைத் தட்டினாள்.

முடிக்கப் போகும்போது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கொடி சுருண்டு கிடந்தது. இலை எல்லாம் காய்ந்து மஞ்சளாகி, பூ ஒன்றுகூட இல்லை. புஷ்பம் கையில் மணியோடு அதன் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது, பாட்டிலில் இரண்டு மிடறு மீதி இருந்தது. கம்பிக்கு வெளியே கையை நீட்டினேன்.

"ஏட்டி வல்லி" என்று கீழேயிருந்து கத்தினாள். "அதுக்குக் குழாயில பிடிச்சு ஊத்திக்கிடலாம். அதக் குடி நீ."

குடித்தேன். பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினேன். அவள் வாடிய கொடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அந்த வெயிலில் நின்றுகொண்டு மணியை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள்.